முதலில் தண்ணீர், பிறகுதான் சோடா

ஸ்கந்தபுரம்,
கிளிநொச்சி.
18.09.2025

என் அன்பு மகன் கோகுலன் அறிய அம்மா எழுதுவது,

முருகன் காவலில் நீ தேக சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கே நானும் உன் மகள் தனுஷாவும் சுகம். கடிதத்தைக் கண்டு பயந்துவிடாதே, கெட்ட செய்தி ஒன்றுமில்லை. நாள்தோறும் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறோம், பிறகென்ன கடிதம் என்று கேட்பாய். அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் தனுஷா. அவளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அமராவதியின் மகன் பாலன் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை நீ இருக்கும் டோஹாவுக்குத் திரும்புகிறான். அவனிடம் கொடுத்துவிடுகிறேன். உறையை நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன். நல்ல பிள்ளைதான், ஆனால் வாய் தாயைப் போல.

இங்கே இன்னும் மழையில்லை. குளத்துத் தண்ணீர் அடியில் கிடக்கிறது. எங்கள் கிணறு பரவாயில்லை. எங்கள் பசு சிவப்பி ஒரு நாகு கன்று போட்டிருக்கிறது.

மகன், உன் பிள்ளையின் வேலையை நீ போனில் பார்த்ததெல்லாம் பெட்டியில் அடுக்கி வைத்த சவர்க்காரக் கட்டிகளைத்தான். அவள் வேலை செய்வதை நீ பார்க்கவில்லை. நான் ஒன்றரை வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கிளிநொச்சியில் மூன்று நாள் சவர்க்கார வகுப்புக்குப் போய் வந்து அவள் முதல் முறை காய்ச்சியது வெடித்துப் பாளம் பாளமாய்ப் போனது. இரண்டாவது முறை எண்ணெய் வேறு, தண்ணீர் வேறாய் நின்றது. வேறு பெட்டையாய் இருந்தால் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கும். இவள் ஒரு கொப்பியை எடுத்து எங்கே பிழைத்தது என்று எழுதினாள். தேங்காயெண்ணெய் இவ்வளவு, இலுப்பெண்ணெய் இவ்வளவு, வேப்பெண்ணெய் இவ்வளவு என்று தராசில் ஒரு கிராம் பிசகாமல் நிறுப்பாள். நான் எழுபத்திரண்டு வயதுவரை கைக்கணக்கில் சமைத்தவள். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

சவர்க்காரத்துக்குப் போடும் கோஸ்டிக் சோடாவைத் தொடும் நாளில் அவள் வேறு ஆள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை, நீளக்கைச் சட்டை. சமைக்கும் குசினிக்குள் அதை வைக்க மாட்டாள். முற்றத்தில் காற்று போகும் இடத்தில் மேசை போட்டு, நிலத்தில் செங்கல்லால் ஒரு கோடு கீறுவாள். "அப்பம்மா, இந்தக் கோட்டைத் தாண்டப்படாது. தாண்டினா நான் வேலையை நிப்பாட்டிப்போடுவன்" என்பாள். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கதிரையைப் போட்டு இருப்பேன். பாத்திரத்தில் முதலில் தண்ணீர், பிறகுதான் சோடா. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவாள். மாறிச் செய்தால் பொங்கிச் சீறும் என்று எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாள்.

ஊற்றிய கட்டிகளை ஆறு கிழமை காயவிடுவாள். கடைக்காரப் பரமேஸ்வரன் இரண்டாம் கிழமையே வந்து கேட்டார். "மாமா, இன்னும் காயேல்லை. இப்ப பாவிச்சா தோல் எரியும்" என்றாள். "என்ன பிள்ளை, சவர்க்காரம் எண்டு சொல்லிக் கருவாடே காயப்போட்டிருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறாம் கிழமை அவரே வந்து நின்றார்.

அமராவதியின் கதை இன்னும் பெரிது. "உந்தச் சின்னப் பெட்டை காய்ச்சிறதை ஆர் பூசுறது?" என்று தெருவெல்லாம் சொன்னவள் அவள். குதிக்கால் வெடித்து இரத்தம் கசிந்தது அவளுக்கு. தனுஷா குப்பைமேனி இலையை எண்ணெயில் ஊறவைத்து, தேன்மெழுகு உருக்கிச் சேர்த்துக் களிம்பு செய்வாளே, அதைத் தன் கையில் ஒரு நாள் பூசிப் பார்த்த பிறகுதான் கொடுத்தாள். கொடுக்க முன், "மாமி, வெடிப்புக்குத்தான் இது. ஆழமான புண்ணுக்குப் பூசக்கூடாது, உங்களுக்குச் சீனி வருத்தமும் இருக்கு, அதுக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேணும்" என்று சொல்லி, அவளை முதலில் காலைக் காட்டிவிட்டு வரச் செய்தாள். இப்போது அமராவதி கோயில் வீதியில் செருப்பைக் கழற்றி எல்லாருக்கும் குதிக்காலைக் காட்டுகிறாள். ஐயர் வந்தால்தான் காலை இழுக்கிறாள்.

இனி நான் எழுத வந்ததை எழுதுகிறேன்.

சென்ற மாதம் கடைசி வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்தாய். துணுக்காயில் ஒரு கலியாண வீட்டுக்கு வருபவர்களுக்குக் கொடுக்க நூற்றிருபது கட்டி கேட்டிருந்தார்கள். அதற்காகத் தனுஷா எல்லாவற்றையும் நிறுத்து மேசையில் வைத்திருந்தாள். சோடா ஒரு சட்டியில், தண்ணீர் ஒரு போத்தலில். உன் போன் வந்ததும், வீட்டில் சிக்னல் சரியில்லை என்று மாமரத்தடிக்குப் போனாள். போகும்போதும் கோட்டைக் காட்டிவிட்டுத்தான் போனாள்.

நான் தாண்டினேன்.

பிள்ளைக்கு ஒரு வேலை குறையட்டும் என்று நினைத்தேன். வெள்ளையாய் ஒரு சட்டியில் இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறது. அறுபது வருடம் பிட்டுக்கு மா குழைத்த கை இது. மாவுக்கு மேலேதான் தண்ணீர் ஊற்றும். அவள் சொன்னதெல்லாம் தெரியும், ஆனால் கை முந்திவிட்டது. ஊற்றினேன். அது பாம்பு போலச் சீறிப் பொங்கியது. நான் கத்தினேன். நீ போனில் கேட்ட கத்தல் என்னுடையது.

அவள் ஓடி வந்து என்னைத் தள்ளி விழுத்திவிட்டு மேசையைக் கவிழ்த்தாள். அந்த நேரம் கண்ணாடியும் இல்லை, உறையும் இல்லை. இடது கையில் தெறித்தது. நான் மஞ்சள் எடுக்க ஓடினேன். "ஒண்டும் பூசாதேங்கோ, தண்ணி அள்ளி ஊத்துங்கோ!" என்று சத்தம் போட்டாள். கிணற்றடியில் அரை மணித்தியாலம் அள்ளி அள்ளி ஊற்றினேன். பிறகு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளை உடனே தண்ணீர் ஊற்றியதால் தப்பினாள் என்று டொக்டர் சொன்னார். எனக்கு ஒரு துளியும் படவில்லை.

திரும்பி வரும்போதே நீ மறுபடி எடுத்தாய். "நான்தானப்பா மாறி ஊத்திப்போட்டன்" என்று அவள் உன்னிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று உனக்கு விளங்கும். போன வருடம் நான் அடுப்பில் சோற்றை மறந்து கரிய விட்டபோது, இன்னொரு தரம் ஏதும் நடந்தால் வவுனியாவில் உன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடுவேன் என்று நீ சொன்னாய். அது அவள் மனதில் இருந்தது. என் மனதிலும் இருந்தது. அதனால்தான் மூன்று கிழமை பேசாமல் இருந்தேன்.

இந்த நஞ்சு வேலை இனி வீட்டில் நடக்கக்கூடாது என்று நீ சொல்லிவிட்டாய். உன்னில் பிழையில்லை. அந்தக் கத்தலைக் கேட்டதும் உனக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எரிந்த கொட்டிலுக்குள் இருந்து தனுஷாவின் தாயைத் தூக்கிக்கொண்டு நீ ஓடி வந்ததையும், அவள் பிழைக்காமல் போனதையும் பார்த்தவள் நான்.

ஆனால் பிள்ளை தராசையும் கண்ணாடியையும் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கட்டினாள். கலியாண வீட்டுக்குத் தானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டாள். சோடாவை வகுப்பு எடுத்த ரீச்சரிடம் கொடுத்துவிட்டாள். ஏற்கெனவே ஊற்றி வைத்த கட்டிகள் மட்டும் தட்டில் இருக்கின்றன. காலையில் எழும்பியதும் ஒவ்வொன்றாகத் திருப்பி வைக்கிறாள். விற்கப்போவதில்லை, பிறகேன் திருப்புகிறாய் என்று கேட்டேன். "காயுறது காயட்டும் அப்பம்மா" என்றாள். கைக்காயம் நன்றாக ஆறிவிட்டது. ஒரு தழும்பு மட்டும் இருக்கும்.

மகன், அவள் அந்த வேலையில் ஒரு பிழையும் விடவில்லை. பிழை விட்டவள் நான். என்னை வவுனியாவுக்கு அனுப்புவதென்றால் அனுப்பு. எனக்கு விருப்பமில்லை, அந்த மாடி வீட்டில் எனக்கு மூச்சு முட்டும். ஆனாலும் போவேன். எனக்காக அவள் தன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில் என்னால் சோறு தின்ன முடியவில்லை. பொய் சொன்னாள் என்று அவளை ஏசாதே. ஏசுவதென்றால் என்னை ஏசு.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவு. அன்றைக்கு எடுத்து, "அம்மா எல்லாம் எழுதினவா, நீ பெட்டியை அவிழ் பிள்ளை" என்று ஒரு சொல்லுச் சொல்லு. நான் குசினிக்குள் இருப்பேன். அவள் வந்து, ஏன் சொன்னனீங்கள் என்று என்னோடு சண்டை பிடிப்பாள். பிடிக்கட்டும்.

வெயிலில் நெடுநேரம் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் பிள்ளையும் குறைவில்லாமல் நீடூழி வாழவேண்டும்.

உன் அம்மா,
அன்னபாக்கியம்