எடைகளைத் தனித்தனியே கூட்டியவனுக்கு

என் பிரியமுள்ள அளியா, தங்கை புருஷா,

உன் பதினாறாம் நாள் அடியந்திரம் நன்றாக நடந்தது. பந்தியில் எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். முப்பது வருடம் ஒரே கல்லூரியில் உன்னோடு இயற்பியல் நடத்திய என்னிடம் ஒருவர், "சாருக்கும் அதே சப்ஜெக்ட் தானோ?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடித்தேன்.

பொறாமைதான். நீ உயிரோடு இருந்தவரை மரியாதை கருதிச் சொல்லவில்லை.

விரியும் பிரபஞ்சத்துக்குக் கணக்குப் போடும் எங்களைப் போன்றவர்கள், விண்மீன் கூட்டங்களையெல்லாம் மசித்து ஒரே சீரான மாவாக்கிக்கொள்வோம். வசதி. நீ மட்டும் கல்லூரிக்குப் போகும் தனுவச்சபுரம் பஸ்ஸில் என் தோளை இடித்து, "எலே, இது என்ன மயக்கின மரச்சீனிக்கிழங்கா? துண்டு துண்டாட்டாக்கும் கிடக்கு. ஒவ்வொரு துண்டும் வெளியையும் காலத்தையும் எவ்வளவு வளைக்குன்னு தனித்தனியா கூட்டணும்" என்பாய்.

"கூட்டி முடிக்கதுக்குள்ள நீ போய்ச் சேருவ" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆனால் நீ முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். ஷீலா உன் நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். "அண்ணா, அவியளுக்க கணக்கு சரியான்னு பாரு. சரின்னா ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பணும். தப்புன்னா நோட்டையெல்லாம் பழைய பேப்பருக்குப் போடுதேன், அலமாரி ஒழியட்டு." என் தங்கைக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு மாதம் தப்பைத் தேடினேன். எந்த எடையின் பாதிப்பும், விரியும் வெளியில் ஒரு தூரத்துக்கு மேல் வேகமாகத் தேய்ந்துவிடும் என்று காட்டியிருந்தாய். உன் பாதிப்பு மட்டும் செங்கல் ஊரில் உன் வீட்டிலிருந்து பாறசாலையில் என் வீடு வரை தேயாமல் வந்துகொண்டிருந்ததே, அதற்கு எந்தச் சமன்பாடு?

கடைசியில் கிடைத்தது. எல்லா எடைகளின் பாதிப்பையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பூச்சியம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. உடனே ஷீலாவுக்குப் போன் செய்து, "தப்பு உண்டு மக்கா" என்றேன். குரலில் துக்கம் சரியாகவே வந்தது. "சரி அண்ணா, கெட்டி வைக்கேன்" என்றாள்.

மறுநாள் காலை உன் தப்பை இன்னொரு முறை ரசிக்க உட்கார்ந்தேன். சீரான பின்னணி என்று ஏற்கெனவே எல்லா எடையையும் கணக்கில் சேர்த்தாயிற்று. அந்தச் சராசரியைக் கழித்துவிட்டுத்தான் துண்டுகளைக் கூட்ட வேண்டும். நீ கழித்திருந்தாய். நான் கழிக்கவில்லை. இதே தப்புக்கு எத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்!

ஆட்டோ பிடித்துச் செங்கலுக்கு ஓடினேன். நோட்டுகள் கயிற்றில் கட்டி வாசலில் இருந்தன.

"போடாத ஷீலா. தப்பு எனக்கதாக்கும்."

அவள் சிரித்தாள். "'ஒனக்க அண்ணன் சராசரியக் கழிக்காம, தப்பு உண்டுன்னு சொல்லுவான். ரெண்டு நாளு பொறு, அவனே ஓடி வருவான்'னு அவிய ஆஸ்பத்திரியில வச்சே சொல்லியாச்சு. பேப்பர்காரன நான் கூப்பிடவே இல்ல. காப்பி குடிக்கியா?"

செத்த பிறகும் என்னைச் சரியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். இதை எப்படிப் பொறுப்பது?

"ஒனக்க பேரையும் கூடச் சேத்துக்கோ, ரெண்டு மாசம் பாடுபட்டியே" என்றாள். ஒரு காப்பி குடிக்கும் நேரம் முழுக்க எனக்கு ஆசை இருந்தது. அளியா, வாக்குத் தருகிறேன்: கட்டுரை உன் பெயரில் மட்டுமே போகும். முடிவில், நன்றி சொல்லும் இடத்தில் ஒரு வரி சேர்ப்பேன்: 'கணக்கைச் சரிபார்த்தவர் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார், அது அவருடையது.'

பொறாமை குறையாமல்,
உன் ஷீலாவின் அண்ணன்