சத்தம் வராத அறை

அன்பு அக்காவுக்கு,

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டதாகப் போனில் சொன்னேன். அது பொய்.

அன்று மதியம் என் மேலதிகாரி மனைவியோடு எங்கள் புது வீட்டைப் பார்க்க வந்திருந்தார். காலையிலிருந்தே அப்பாவுக்கு இருமல் ஓயவில்லை. "பின்னாடி ரூம்ல இருங்கப்பா. அவங்க போற வரைக்கும் சத்தம் கேக்காம பாத்துக்கங்க" என்றேன்.

"சரிப்பா, நீ போய் வந்தவங்களைக் கவனி" என்றார்.

சோபாவையும் திரைச்சீலையையும் புகழ்ந்த அந்த அம்மா, "வீட்ல வேற யாரு இருக்காங்க?" என்று கேட்டார். "நானும் என் மனைவியும் மட்டுந்தான்" என்றேன்.

அவர்கள் போனதும் கதவைத் திறந்தேன். அப்பா சுவரில் சாய்ந்தபடியே அடங்கிப்போயிருந்தார். இருமல் வெளியே கேட்காமலிருக்க வாய்க்குள் துண்டை அடைத்திருந்தார்.

முதலில் அந்தத் துண்டை எடுத்து ஒளித்தேன். பிறகுதான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன்.

உன் தம்பி