ப்ரூனோவைக் கைமாத்தின வருஷம்

கார்னெட் லேக்
14 ஏப்ரல் 1987

என் கண்ணு டாரியாவுக்கு அம்மா ஆசையோட எழுதறது. இங்க நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், மனசுதான் அஞ்சு வாரமா சரியில்லாம இருந்துச்சு, அதுவும் முந்தாநாள் ஒருவழியா தெளிஞ்சுது. நீ அங்க பெர்த்ல சுகமா இருக்கணும், வேளாவேளைக்குச் சாப்பிடணும், வெயில்ல தொப்பி இல்லாம அலையக் கூடாது. இங்க ஏரில ஐஸ் இன்னும் விடல, வாசல்ல பனி அள்ளி அள்ளி என் இடுப்பு போச்சு. உன் கடிதம் ரெண்டும் வந்துச்சு, ஏம்மா பதிலே போடலன்னு கோவிச்சு எழுதியிருந்தே. போடக் கூடாதுன்னு இல்லடி, இந்த வீட்டுல நடந்த கூத்தை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே எனக்குத் தெரியல.

எல்லாம் ப்ரூனோ கச்மரால வந்தது. மார்ச் முதல் வாரத்துல நம்ம லிங்க்ஸ் ஐஸ் ஹாக்கி டீம் மேனேஜர் அவனைத் தூக்கி போர்ட் அலிசன் டீமுக்குக் கொடுத்துட்டாரு. ப்ரூனோவை உனக்கு ஞாபகம் இருக்கும், கதவு அகலத்துக்கு இருப்பான், ஆறு வருஷத்துல போட்ட கோல் ஒன்பது, அதுலயும் ரெண்டு அவன் முதுகுல பட்டுத் தானா உள்ள போனது. ஆனா நம்ம பையங்க மேல எவனாவது கை வச்சா போதும், கையுறையைக் கழட்டி எறிஞ்சுட்டு மொத ஆளா போய் நிப்பான். அவனுக்குப் பதிலா வந்தவன் வெய்க்கோன்னு ஒரு ஃபின்லாந்துப் பையன். தராசுல ஏத்தினா நூத்தைம்பது பவுண்டு தேறுமான்னு சந்தேகம், சண்டைன்னு வந்தா விலகிப் போயிடுவான், ஆனா பக்குங்கற அந்த ரப்பர் வட்டு அவன் மட்டையை விட்டு நகராது, அப்படி ஒரு ஆட்டம். அவ்வளவுதான், ஊரே ரெண்டாப் போச்சு. ரேடியோல ஃபோன் போட்டுக் கருத்து சொல்ற நேரம் ஒரு மணியிலேர்ந்து மூணு மணி நேரமாச்சு. இந்த டீமுக்கு முதுகெலும்பு இல்லன்னு ஒருத்தன், மூளை இப்பத்தான் வந்திருக்குன்னு இன்னொருத்தன். நம்ம பல் டாக்டர் யார் பக்கம்னு கேட்காதே, அவர் பிழைப்பு அவருக்கு. சர்ச்சுல ஃபாதர் மறு கன்னத்தையும் காட்டுங்கன்னு பிரசங்கம் பண்ணா, காட்டித்தானே நாலுக்கு ஒண்ணுல தோத்தோம்னு பின் பெஞ்சுல ஒருத்தர் முனகறாரு, எனக்கே சிரிப்பு அடக்க முடியல.

உங்க அப்பா எந்தக் கட்சின்னு நான் சொல்லணுமா. முரட்டு ஆள் இல்லாத டீம் ஒரு டீமா, இவங்களுக்கு ஐஸ் டான்ஸ் பாவாடை வாங்கிக் கொடுங்கன்னு ரேடியோல பேசினாரு, தன் பேரைக் கூட மாத்தாம ஓரெஸ்ட்னே சொல்லிப் பேசினாரு. ரெஜான் மாமா வெய்க்கோ கட்சி. உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப உன்னைக் கையில ஏந்தி நின்ன மனுஷன், எறும்பைக் கூட மிதிக்காத ஆள்னு உனக்கே தெரியும். மார்ச் எட்டாம் தேதி நம்ம சாப்பாட்டு மேசையில நான் பண்ண பெரோகிக் கொழுக்கட்டையைத் தின்னுகிட்டே ரெண்டு பேருக்கும் முத்திப் போச்சு. அப்பா மாமாவைப் பார்த்து, நீ வாழ்க்கைல ஒரு தடவையாவது கையை மடக்கியிருக்கியாடா கோழைன்னு கேட்டுட்டாரு. மாமாவுக்கு முகம் சிவந்து போச்சு, ஏரிக்கரைல ஒரு வாத்து துரத்தினதுக்குக் காரு கூரை மேல ஏறி நின்னவன் பேசற பேச்சான்னு திருப்பிக் கேட்டுட்டாரு. உண்மைதான், அந்தக் கூரைல பள்ளம் இன்னும் இருக்கு, ஆனா பெரோகி சாப்பிடற இடத்துல சொல்லலாமா. அன்னிக்கு எழுந்து போன மனுஷன் வீட்டுப் பக்கமே வரல. சோலாஞ்ச் அத்தை கண்ணை மூடினதுக்கப்புறம் அவருக்கு வாரத்துல ஒரு நாள் சூடான சாப்பாடுன்னா நம்ம வீட்டு ஞாயித்துக்கிழமைதான். டப்பா சூப்பை அடுப்புல கூட வைக்காம அப்படியே குடிக்கிறாருன்னு கேள்விப்பட்டேன்.

இதுல சீட்டு விவகாரம் வேற. ஆட்டம் நடக்கிற ஐஸ் ரிங்க்கு கட்டின வருஷம், அதாவது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஏழாம் பகுதில பதினொண்ணு, பன்னிரண்டு ரெண்டு சீட்டையும் அவங்க சேர்ந்து எடுத்தாங்க. ரெண்டுக்கும் ஒரே ஃபாரம், வருஷா வருஷம் ரெண்டு பேரும் ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும், கொடுக்கலன்னா காத்திருக்கிற முந்நூறு பேர்ல எவனுக்காவது போயிடும். இந்த வருஷம் ஏப்ரல் பன்னிரண்டு கடைசி நாள். நீங்களே போய்க் கேளுங்கன்னா, அவன் வந்து கேக்கட்டும்ங்கறாரு அப்பா. மாமாகிட்ட ஃபோன்ல கேட்டா அவரும் அதையேதான் சொல்றாரு. ஆட்டத்துக்கு மட்டும் தவறாம ரெண்டு பேரும் போவாங்க. பதிமூணாம் நம்பர் ராசியில்லைன்னு அந்த சீட்டை யாரும் வருஷத்துக்கு எடுக்கிறதில்ல, அதை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாங்கி, ஒருத்தர் அதுக்கு நகர்ந்துக்கிட்டு, என்னை நடுவுல உக்கார வச்சாங்க. அந்த மனுஷன்கிட்ட சொல்லு, வெய்க்கோ மறுபடியும் பயந்து ஒதுங்கிட்டான்னு இந்தப் பக்கம். அந்த மனுஷன்கிட்ட சொல்லு, ஒதுங்கினவன்தான் கோல் போட்டிருக்கான்னு அந்தப் பக்கம். நடுவுல நான் பாப்கார்ன் கைமாத்தறேன். இந்த சீட்டு போச்சுன்னா இவங்க ரெண்டு பேரும் செத்தா கூட ஒருத்தரை ஒருத்தர் பார்க்க மாட்டாங்கன்னு எனக்குத் திக்குதிக்குன்னு இருந்துச்சுடி.

நாக் அவுட் சுத்துல நமக்கு எதிரா வந்தது எந்த டீம்னு நினைக்கிறே, போர்ட் அலிசனேதான். ஏழு ஆட்டத்துல நாலு ஜெயிக்கணும், ஆறு ஆட்டம் முடிஞ்சு ஆளுக்கு மூணு ஜெயிச்சு, ஏழாவது ஆட்டம் முந்தாநாள் மத்தியானம் நம்ம ரிங்க்குல. கோல் மூணுக்கு மூணு, இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு. அப்ப ப்ரூனோ எங்கேர்ந்தோ பாய்ஞ்சு வந்து வெய்க்கோவை நம்ம சீட்டுக்கு நேர் கீழ ஐஸைச் சுத்தியிருக்கிற பலகையோட சேர்த்து ஒரு இடி இடிச்சான் பாரு, கண்ணாடி ஆடுச்சு, அந்தப் பையன் வாயிலேர்ந்து ஒரு பல் ஐஸ் மேல தெறிச்சுது. ஊரே மூச்சுப் பிடிச்சு உக்காந்திருக்கு. உங்க அப்பா மட்டும் துள்ளி எழுந்து, அப்படிப் போடுடா ப்ரூனோ, என் ராசான்னு கத்திட்டாரு. ஆறு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கிச்சு, பாவம். கத்தின அடுத்த நொடி தான் என்ன பண்ணோம்னு அவருக்கே புரிஞ்சு முகம் வெளுத்துப் போச்சு. முன் வரிசைல மரம் அறுக்கிற ஆலைக்காரன் ஒருத்தன், ஆள் மலை மாதிரி, திரும்பிப் பார்த்து, நீ எந்த ஊருக்காரன்டா கிழவான்னு கேட்டுட்டு கையில இருந்த பாப்கார்னை அப்பா தலையில கவுத்துட்டான். முரட்டு ஆள் வேணும்னு அஞ்சு வாரமா ரேடியோல முழங்கின உங்க அப்பா என்ன பண்ணாரு தெரியுமா, என் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டாரு.

அப்பத்தான் ரெஜான் மாமா எழுந்தாரு. அவனைத் திட்டறதுன்னா நான் திட்டிக்கிறேன், நீ யாருடா நடுவுலன்னு கேட்டாரு. கேட்டுட்டு, சோலாஞ்ச் அத்தை பின்னிக் கொடுத்த கம்பளிக் கையுறை ரெண்டையும் கழட்டிக் கீழ வீசினாரு, ஐஸ் மேல பையங்க பண்ற மாதிரியே. எனக்கு உசிரே போச்சு. ஓங்கிக் குத்தினாரு, அந்தத் தடியன் குனிஞ்சுட்டான், குத்து நேரா இரும்புக் கம்பில போய் விழுந்துச்சு. அறுபத்தோரு வயசுல வாழ்க்கைல மொத சண்டை, அதுவும் ஒரு கம்பியோட. காவலாள் வந்து அப்பா, மாமா ரெண்டு பேரையும் காலரைப் பிடிக்காத குறையா வெளிய கூட்டிட்டுப் போய் டோனட் விக்கிற இடத்துக்குப் பக்கத்துல பெஞ்சுல உக்கார வச்சு, அஞ்சு நிமிஷம் அசையக் கூடாதுன்னுட்டான். நான் கையுறையும் தொப்பியும் பொறுக்கிக்கிட்டுப் பின்னாடியே ஓடினேன். அங்க உக்காந்திருக்கறப்ப உள்ள கூரை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி ஒரு சத்தம். வெய்க்கோ வாய்ல பஞ்சை வச்சுக்கிட்டு வந்து கோல் போட்டுட்டான், நாம ஜெயிச்சாச்சு. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்த கோல், இவங்க ரெண்டு பேரும் டோனட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

அப்புறம் அப்பா மாமாவோட கையை எடுத்துத் தன் மடில வச்சுப் பார்த்துட்டு, கட்டைவிரலை உள்ள மடக்கிக்கிட்டா குத்துவே, மடையான்னாரு. எனக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்கன்னாரு மாமா. அவ்வளவுதான், அஞ்சு வாரச் சண்டை போச்சு. கதவு வழியா எட்டிப் பார்த்தா, உள்ள ரெண்டு டீமும் வழக்கம்போல வரிசையா வந்து கை குலுக்கிக்கிட்டிருந்தாங்க, ப்ரூனோ அந்த ஃபின்லாந்துப் பையனை அப்படியே கட்டிப் பிடிச்சுத் தூக்கறான், அவன் ஓட்டைப் பல்லோட சிரிக்கிறான். உங்க அப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டு டோனட் எண்ணெய்ப் புகைன்னாரு.

டிக்கெட் ஜன்னலை மூடப் போறோம்னு ஒலிபெருக்கில சொன்னாங்க. அன்னிக்குத்தானே ஃபாரத்துக்குக் கடைசி நாள், நான் பதறிப் போய்த் திரும்பினா, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கோட்டுப் பைல கையை விட்டு ஆளுக்கொரு ஃபாரத்தை எடுக்கறாங்க. அப்பா ஃபாரத்துல அப்பா கையெழுத்து, மாமா ஃபாரத்துல மாமா கையெழுத்து, ரெண்டுலயும் தேதி மார்ச் ஒன்பது. சண்டை போட்ட மறுநாளே ரெண்டு பேரும் போட்டு வச்சிருக்காங்கடி! மத்தவன் வந்து கேப்பான்னு அஞ்சு வாரமா பைல சுமந்துக்கிட்டு, என்னை நடுவுல உக்கார வச்சு வதைச்சிருக்காங்க. எனக்கு வந்த கோவத்துக்கு ரெண்டு பேரையும் அந்த டோனட் எண்ணெய்லயே போட்டிருப்பேன், ஆனா சொல்றதுக்கு என்ன, அழுதுட்டேன். ஜன்னல்ல இருந்த ஈனிட் ரெண்டு தாளெல்லாம் செல்லாது, ஒரே தாள்தான்னு சொல்லிட்டா. மாமா கை டோனட் மாதிரி வீங்கியிருக்கு, பேனா பிடிக்க முடியாது. அதனால மாமாவோட தாள்ல, அவர் கையெழுத்துக்குக் கீழ, அப்பாதான் போட்டாரு. பதிமூணாம் சீட்டும் சேர்த்து எழுதட்டுமான்னு ஈனிட் கேட்டா, என்னை ஒரு வார்த்தை கேக்காம ரெண்டு பேரும் தலையை ஆட்டினாங்க. சரி, வர்றேன், ஆனா அஞ்சு வாரமா நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், முரடனும் வேணாம் மூளையும் வேணாம், கோல் காக்கிற நம்ம கோலிதான் பிரச்சினை, இடது கால் பக்கம் தரையோட வர்றது ஒண்ணையும் தடுக்கல, மொத அவனை மாத்தச் சொல்லுங்கன்னேன். ரெண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே குரல்ல, உனக்கு ஹாக்கியைப் பத்தி என்ன தெரியும்னாங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை ஈஸ்டருக்கு மாமா நம்ம வீட்டுலதான், கை கட்டோட இருக்கிறதால நான்தான் இறைச்சி வெட்டிக் கொடுக்கணும். கடவுள் உன்னை நோய்நொடி இல்லாம வச்சிருக்கட்டும், மாமாவுக்கு ஒரு வரி மறக்காம எழுது, அப்பாவுக்கு எழுதினா ப்ரூனோ பேச்சை மட்டும் எடுக்காதே.

உன் மேல உயிரா இருக்கிற அம்மா,
லோர்னா

பி.கு. கோலி விஷயத்துல நான் சொன்னதுதான் சரி. நேத்து ரேடியோவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிட்டேன்.