தவளைக்குப் போட்ட இரண்டு துளைகள்

ஏப்ரல் 26, சனி

காலையிலிருந்து தூறல். கொட்டகை ஒழுகவில்லை. காருக்கு எஞ்சின் எண்ணெய் மாற்றியாயிற்று. பாட்டரி சார்ஜில். பின்சீட்டுத் தையல் இன்னும் கொஞ்சம் விட்டிருக்கிறது. தைக்கவில்லை, அடியில் துணி மட்டும் கொடுத்தேன். எழுபத்தொன்றில் டெட்ராய்ட்டில் யாரோ ஒருத்தி தைத்த தையல். அதன்மேல் என் ஊசி எதற்கு?

மகள் மெலனி ஃபோன் எடுத்தாள், அவளாகவே! கிறிஸ்மஸுக்குப் பிறகு இப்போதுதான். கையெல்லாம் கிரீஸ். மூக்கால் தட்டித்தான் பேசினேன்.

“அப்பா, உங்கட கார் ஓடுதோ?”

“ஓடாமல்?”

“கலியாணத்துக்குப் புக் பண்ணின கார்க்காரன் இப்ப ஏலாது எண்டிட்டான். மே பதினேழு. உங்களுக்கு வசதிப்படுமோ?”

மகளின் கல்யாணத்தன்று அப்பனுக்கு வசதிப்படுமோவாம். அழைப்பிதழ் பெப்ரவரியிலேயே தபாலில் வந்துவிட்டது. உறையில் ‘திரு. யேசுதாசன் குடும்பத்தினர்’ என்று அச்சு. குடும்பத்தினர் என்றால் நானும் தேத்தண்ணிக் கேத்திலும்.

ஓம் என்றேன். அவள் கேட்காமலே இன்னொரு தரமும் ஓம் என்றேன். பெண் வெளிக்கிடுவது ராஜன் வீட்டில். அவளுடைய மாமன், தாய் ரஞ்சியின் அண்ணன், கூட்டர்ஸ்லோவில் இருக்கிறான். அங்கிருந்து பீலெஃபெல்ட் கோயிலுக்கு அரை மணி ஓட்டம். அந்த அரை மணியும் அவள் என் காரில். சோறு போட மறந்துபோனேன். பசிக்கவும் இல்லை.

மே 1, வியாழன்

விடுமுறை. நல்ல வெயில். டிரெஸ்டனிலிருந்து மெலனி வந்தாள், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. கார்த்திக். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி வேலை. தவளையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார்.

(என் காருக்குச் சனம் வைத்த பெயர். தமிழ்ப் பூசைக்கு முதன்முதல் கொண்டுபோன நாளில் யாரோ “தாசன் அண்ணையின்ர தவளை வருது” என்றது அப்படியே ஒட்டிக்கொண்டது. பச்சை, அகன்ற வாய், பின்னால் குந்தியிருக்கிற மாதிரி. பிழை சொல்ல ஏலாது.)

“அங்கிள், செம வண்டி. பெயின்ட்தான் கொஞ்சம் டல்லா இருக்கு. ஃபுல்லா ரீபெயின்ட் பண்ணிட்டா ஷோரூம்ல இருந்து எடுத்த மாதிரி ஆயிடும், இல்ல?”

ஆண்டவரே, பொறுமையைத் தாரும்.

கதவைத் திறந்து காட்டினேன். மடிப்பில் ஒரு துளி வர்ணம் வழிந்து காய்ந்து நிற்கிறது. தொழிற்சாலையில் எவனோ அவசரத்தில் அடித்தது. எஞ்சினுக்குப் பின் தகட்டில் நீலச் சோக்கில் ஒரு கீறல், எவனோ பார்த்துச் சரியென்று போட்டது. திரும்ப வர்ணம் அடித்தால் இரண்டும் போய்விடும். பளபளப்பாக்க எவராலும் முடியும், இருந்ததை இருந்தபடி வைத்திருப்பதுதான் வேலை என்று சொன்னேன். மாப்பிள்ளை தலையாட்டினார். நல்ல பிள்ளை. ஒன்றும் விளங்கவில்லை.

மெலனி பின்சீட்டில் ஏறிப் பார்த்தாள். “சாறியோட இருக்க இடம் காணும்.” இறங்கும்போது அந்தத் துளியை விரலால் தொட்டாள்.

“ஒரு பெயின்ற் துளிக்கு இவ்வளவு கவனம், என்னப்பா.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

பாதாம் கேக் வாங்கி வைத்திருந்தேன். ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்கள். கேக் வெட்டாமல் இருக்கிறது. நாளை வேலைக்குக் கொண்டுபோகலாம்.

கோயிலுக்குள் அவளை யார் கைபிடித்துக் கூட்டிப்போவது என்று கேட்க இருந்தேன். கேட்கவில்லை.

மே 4, ஞாயிறு

சூடு. பூசைக்குப் போகவில்லை. சோதனை ஓட்டம்: கொட்டகை, கூட்டர்ஸ்லோ, கோயில். போகும்போது ராஜா மாதிரிப் போனது. திரும்பும்போது சிவப்பு விளக்கு, வரிசை, உச்சி வெயில். இரண்டு இருமல், நின்றது. பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன்.

பழைய வியாதிதான். பெற்றோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டி இருக்கிறது. சூடேறினால் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும், பம்ப் இழுக்காது. அரை மணி ஆறவிட்டால் ஒன்றும் நடவாத மாதிரி ஓடும். எனக்கு ஒரு நாளும் இது கரைச்சலாய்த் தெரிந்ததில்லை. ரோட்டோரம் குந்தியிருப்பேன். யார் என்னைத் தேடப்போகிறார்கள்? ஆனால் மணப்பெண்ணை ஏற்றிக்கொண்டு இந்த விளையாட்டு விளையாட ஏலாது.

கொட்டகையின் மற்றப் பாதியில் ட்ராக்டர் வைத்திருக்கும் ஜெர்மன்காரர் ரைனர் சொல்வது: டாங்கிக்குப் பக்கத்தில் மின் பம்ப் போடு, முடிந்தது. போடலாம். அதற்கு அடிச்சட்டத்தில் இரண்டு துளை வேண்டும். பட்டியால் கட்டிப் பார்த்தேன், அதிர்வில் நழுவுகிறது.

துளை! இந்தக் காரில் இதுவரை என் கையால் ஒரு புதுத் துளை கிடையாது. ரைனருக்குச் சிரிப்பு. காருக்கு அடியில் போய் யார் பார்க்கப்போகிறார் என்கிறார். நான் பார்ப்பேனே.

மே 6, செவ்வாய்

காலை ஷிஃப்ட். நாள் முழுக்கச் சமையலறை அலுமாரிக் கதவுகள், எல்லாம் ஒரே வெள்ளை. முடிந்து வெளியே வர ராஜனின் ஃபோன்.

“தாசன், கார் வெள்ளையெண்டால் வடிவாய் இருக்கும். இப்ப மேலால ஃபோலி, பிளாஸ்ரிக் தாள், ஒட்டுறாங்கள். கலியாணம் முடிய உரிச்சு விடலாம்.”

“உரிச்சால் பெயின்றும் சேர்ந்து வரும் மச்சான். ஏலாது.”

“சரியப்பா, உன்ர தவளை பச்சையாவே வரட்டும். பூவை நாங்கள் கட்டுறம்.”

“நூலால கட்டுங்கோ. செலோரேப் மட்டும் ஒட்டப்படாது.”

“ஓமடாப்பா.” பிறகு ஒரு செருமல். “இன்னொண்டு. மெலனியை நான்தான் கோயிலுக்குள்ள கூட்டிக்கொண்டு போறன். அவளும் அதைத்தான் விரும்புறாள். நீ காரைப் பார்க்கவேணும்தானே. குறை நினையாத.”

குறை நினைக்கவில்லை என்றேன். ராஜன் கெட்டவனாக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். கெட்டவன் இல்லை. அவளுடைய பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டங்களுக்கும் போனவன் அவன்தான்.

சரி. அரை மணி இருக்கிறது. அது என்னுடையது.

மே 9, வெள்ளி

மாலையில் தளபாடக் கடையின் கார்த் தரிப்பிடத்தில் அமெரிக்கக் கார்க்காரர்களின் சந்திப்பு. என்னுடைய அதே வகை இன்னொன்று வந்திருந்தது. சிவப்பு, எல்லாம் புதிது, எவர்சில்வர் செம்பு மாதிரி மினுங்குகிறது. அதன் சொந்தக்காரரிடம் கேட்டேன்: அடிச்சட்டத்தில் துளை போட்டால் என்ன?

“என் காரில் என்றால் போடு. உன் காரில் போடாதே” என்றார். “உன்னுடையதைப் போல இனி ஒன்று கிடைக்காது.”

பெருமையாக இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை. எல்லோரும் மடக்குக் கதிரை இரண்டிரண்டாய்க் கொண்டுவந்திருந்தார்கள். மனைவிமார் சலாட் பரிமாறினார்கள். எனக்கும் தந்தார்கள், நல்ல சனம். காரின் கதவில் சாய்ந்து நின்று சாப்பிட்டேன்.

மே 10, சனி

போட்டேன். இரண்டு துளை.

ட்ரில் முனை இரும்பில் தொட்டதும் ஒரு தரம் நிறுத்தி வெளியே வந்து நின்றேன். பிறகு மெலனி நடுவழியில், அத்தனை சாறிக்கடையோடும், மூஞ்சியை நீட்டிக்கொண்டு நிற்பதை நினைத்தேன். திரும்பப் போய் ஒரே மூச்சில் முடித்தேன். துருப் பிடிக்காமல் ஓரங்களுக்குப் பூச்சு. பழைய பம்ப்பைக் கழற்றவில்லை, இருந்த இடத்திலேயே விட்டுக் குழாயை மட்டும் பிரித்தேன்.

திரும்பவும் கூட்டர்ஸ்லோ ஓட்டம். வெயில், வரிசை, எல்லாச் சிவப்பு விளக்கும். நிற்கவில்லை. பின்னால் பம்ப் ஙொய் என்று நுளம்பு மாதிரி. ரைனர் கைகொடுத்து வாழ்த்தினார். எனக்குச் செத்தவீட்டுக்குப் போய்வந்த மாதிரி இருக்கிறது.

மே 16, வெள்ளி

கழுவியாயிற்று. கோட் எடுத்து வந்தாயிற்று, இடுப்பில் கொஞ்சம் இறுக்கம். காற்று, பெற்றோல், எல்லாம் சரி.

நாளை அவளிடம் சொல்ல வேண்டியவை. எழுதினால்தான் வாயில் வரும்:

சந்தோஷமாய் இரு.
சாறி வடிவாய் இருக்கு.
உங்களைப் பார்க்க டிரெஸ்டனுக்கு ஒருக்கால் வந்தால் கரைச்சலோ?

கடைசியை முதலில் கேட்டுவிட வேண்டும். கோயில் கிட்ட வந்தபிறகு கேட்டால் பதில் சொல்ல நேரம் இராது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். ரைனர் கண்டுவிட்டார். காரோடு கதைக்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

மே 17, சனி

மேகம். மழை இல்லை.

ராஜன் வீட்டு வாசலில் ரஞ்சி. பேப்பரில் இன்னும் என் மனைவி. “வந்திட்டீங்களோ” என்றாள், வேறு காரில் ஏறினாள். மெலனி இறங்கி வந்தபோது எனக்குக் கதவைத் திறக்கவே கை வரவில்லை. அவ்வளவு வடிவு. என் பிள்ளை.

பின்சீட்டில் அவளும் தோழிப்பெண்ணும். முன்சீட்டில் என் பக்கத்தில் யார்? வீடியோக்காரர். கமராவைப் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு ஏறிவிட்டார். இதை நான் யோசிக்கவே இல்லை.

“அண்ணை, கண்ணாடியில உங்கட முகம் விழுது. ஒருக்கால் மற்றப் பக்கம் திருப்பி விடுங்கோ.”

திருப்பினேன். அதோடு அவள் முகமும் போனது. வழி முழுக்க “தங்கச்சி, வெளிய பாருங்கோ, சிரியுங்கோ, பூவைக் கொஞ்சம் உயர்த்துங்கோ.” நான் ஒரு தரம் “மெலனி” என்றேன். “அண்ணை, சத்தம் பதியுது” என்றார். எல்லாச் சிவப்பு விளக்கிலும் நின்றோம். ஒரு இருமல் இல்லை. சனியன், பட்டுப்போல ஓடியது.

கோயில் வாசலில் வீடியோக்காரர் முதலே இறங்கி ஓட, ராஜன் கதவைத் திறந்தான். “தாங்க்ஸ் அப்பா, நல்லா ஓட்டினீங்கள்” என்றாள். இடம் தேடிக் காரை நிறுத்திவிட்டு வர, அவள் பீடத்தடிக்குப் போய்விட்டாள். கடைசி வரிசையில் நின்றேன்.

மண்டபத்தில் பரிமாறிய அக்கா ஒருவர் என் கையில் கார்த் திறப்பைப் பார்த்துவிட்டு, “ட்ரைவர் அண்ணை, வீடியோக்காரரோட உங்கட மேசை அங்கால” என்றார். திருத்தவில்லை. ஆட்டுக்கறி நன்றாக இருந்தது, இரண்டாம் தரமும் வாங்கினேன். வீடியோக்காரர் மன்னார் ஆள்.

“அண்ணை கலியாணப் பொம்பிளைக்கு என்ன முறை?”

“தகப்பன்.”

மனிதர் கையிலிருந்த கோழிக்காலைத் தட்டில் வைத்துவிட்டார். “முதலே சொல்லியிருக்கலாமே அண்ணை” என்றார். அதற்குப் பிறகு அவரும் சாப்பிடவில்லை.

மே 18, ஞாயிறு

பூக்களை எடுத்தேன். செலோரேப் ஒட்டியிருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து உரித்தும் பொனட்டில் நகத்தளவு வர்ணம் வந்துவிட்டது. கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை.

ரைனர் கேட்டார், எப்படிப் போனது? ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். “பார்த்தாயா, பம்ப்!” என்றார். அதோடு எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த மனிதருக்கு முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி. ரைனர் ட்ராக்டரில் ஏறி அதை ஸ்டார்ட் பண்ணி, போகாமல் அப்படியே இருந்தார், என் சத்தம் வெளியே கேட்காதபடி.

மே 22, வியாழன்

மழை விட்டுவிட்டது. வேலையிலிருந்து வந்து சப்பாத்துக் கழற்ற, மெலனியின் ஃபோன்.

“அப்பா, வீடியோக்கார அண்ணை சொன்னவர்.”

“என்ன சொன்னவர்?”

“ஒண்டுமில்லை.” உடனே கதையை மாற்றினாள். “ஞாயிறு பீலெஃபெல்ட் வாறன், சாறியளை அம்மாட்ட விடவேணும். கார்த்திக் வரேல்லை. காரோட எனக்கு ஒரு படம் எடுக்கவேணும், காட்டுப் பக்கம். உங்களையும் சேர்த்து. ஒரு மணித்தியாலம்தான், பிறகு ட்ரெயின். ஏலுமோ?”

ஏலும் என்றேன். மலைக் காட்டு ஏற்றத்தால் போவோம், வடிவான இடம் என்றேன்.

கொட்டகைக்குப் போனேன். மின் பம்ப்பின் வயரைக் கழற்றினேன். குழாயைப் பழைய பம்ப்புக்கே திருப்பினேன். ரைனர் குனிந்து பார்த்துவிட்டு, “உனக்கென்ன பைத்தியமா? அது திரும்பவும் நிற்கும்” என்றார்.

தெரியும் என்றேன்.

ஞாயிறு நல்ல வெயிலாம். அந்த ஏற்றம் நீளம், கார் பாதி தாண்டாது, ஆற அரை மணி வேண்டும். அங்கே ஃபோனும் எடுபடாது. ட்ரெயின் அடுத்தது இருக்கும்.