போவாஸின் தாடி

சித்தூர்,
12.9.2024

அன்புத் தாட்சு,

போனில் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் கிஷோர் சபைச் செயலாளர் ஆனதிலிருந்து எல்லா போனும் ஸ்பீக்கரில்தான்.

எங்கள் தேவாலயத்து வண்ணக்கண்ணாடி ஜன்னலில் கதிர்க்கட்டோடு நிற்பாரே பைபிள் பண்ணையார் போவாஸ், அவருக்கு நேற்றிலிருந்து தாடி இல்லை. அறுப்பின் பண்டிகைக்காகப் பித்தளை விளக்குகளைத் தேய்த்தேன். கையில் புளி மிச்சம். பக்கத்தில் ஏணி. ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஏணி எதற்கு? இரண்டு தேய் தேய்த்ததும் தாடி செதில் செதிலாகக் கையோடு வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஓடிவந்துவிட்டேன்.

இப்போது பழி, தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை சுரேஷ்பாபு மேல். 29ஆம் தேதி பண்டிகை. அதற்குள் முகம் சரியாகாவிட்டால் அவருக்கு வேலை போய்விடும். பழைய கண்ணாடிகளைப் பராமரிப்பதுதானே உன் உத்தியோகம்? ஒரு தாடி வரைந்து கொடேன்.

புத்தி கெட்ட
பிரமிளா

திருப்பதி,
16.9.2024

அடி பிரமிளா,

சிரித்து முடித்ததும் ஒரு சந்தேகம். ஜன்னலின் நிஜக் கோடுகள் இரும்புத் துருவும் கண்ணாடிப் பொடியும் கலந்து, உலையில் சுட்டு ஏற்றியவை. மங்கும், தேயும்; செதிலாக உரியாது. நீ உரித்தது பின்னாளில் யாரோ பூசிய எனாமல் பெயின்ட். உலையில் சுடாததால் நாளானால் அது கண்ணாடியில் நிற்காது. அப்படியானால் அடியில் இருப்பது என்ன? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இனி புளி, சோப்பு, ஈரத்துணி எதுவும் கூடாது. இத்தனை வருஷ வெயிலில், கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயப்பட்டைகளும் நம்மைப் போலத் தொப்பை போட்டிருக்கும். அழுத்தினால் ஜன்னலே கையோடு வரும்.

சனிக்கிழமை வருகிறேன். தேய்த்தது நீதான் என்று அதற்குள் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் பஸ் ஏறமாட்டேன்.

தாட்சாயணி

சித்தூர்,
19.9.2024

தாட்சு,

சொல்லிவிட்டேன். முதலில் சுரேஷ்பாபுவிடம்.

"தெரியும்மா. ஏணியில புளி ஒட்டிக்கினு இருந்துச்சே," என்றார்.

ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். விளக்கு தேய்க்க வேறு யார் வருகிறார்கள் என்று திருப்பிக் கேட்டார். கிஷோரிடமும் சொன்னேன். அதிலிருந்து என்னிடம் கமிட்டித் தீர்மான நடையில்தான் பேசுகிறார். பஸ் ஏறு.

பிரமிளா

சித்தூர்,
30.9.2024

என் தாட்சு,

நீ வேலை முடிந்ததும் பண்டிகைக்கு முந்தின நாளே கிளம்பிவிட்டாய். நேற்றைய கூத்தைக் கேள். நீ பஞ்சால் ஒற்றி ஒற்றி வெளியே எடுத்த பின்னலும் தோடும் காலை வெயிலில் அப்படிச் சிவந்தன. இத்தனை வருஷமாக நாங்கள் போவாஸ் என்று பிள்ளைகளுக்குக் காட்டியது, அவர் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தை! பெண்கள் பக்கத்தில் ஆராதனை முடியும்வரை ஜெபத்துக்குக்கூட யாரும் தலை குனியவே இல்லை.

மதியமே சபைக் கமிட்டி கூடியது. தாடி பழகிவிட்டதாம், திரும்ப வரைய வேண்டுமாம். கையோடு பெயின்டும் வாங்கி வந்துவிட்டார்கள். ஏணி இருக்கும் அறைச் சாவியைக் கேட்டால், காணோம் என்கிறார் சுரேஷ்பாபு.

சாவி அவர் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தோம். யாரும் சொல்லவில்லை, கிஷோர்கூட.

புளியைச் சமையலுக்கு மட்டும் எடுக்கும்
பிரமிளா