அக்காவிடம் சொன்ன பதில்

12-8-1959

திருச்சி ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் ஆயா பயிற்சி முடித்து இன்று கீரனூர் வந்தேன். நான் இல்லாதபோது பிறந்த அக்காவின் பிள்ளை ஒரே வாரத்தில் இழுப்பு வந்து இறந்துவிட்டதாம். எனக்குச் சொல்லி அனுப்பவே இல்லை.

தொப்புளில் என்ன வைத்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"எல்லாப் புள்ளைக்கும் வைக்கிற சாணிச் சாம்பல்தான். ஒனக்கும் அதான்டி வச்சேன்."

அந்தச் சாம்பலால்தான் இப்படி இழுக்கும் ஜன்னி வரும் என்று நர்சம்மா அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். அம்மா தன் கையாலேயே வைத்திருக்கிறாள். எழுந்து அக்காவிடம் போனேன்.

அக்கா பால் கட்டிய வலியோடு சுருண்டு படுத்திருந்தாள்.

"நீ இருந்திருந்தா காப்பாத்தியிருப்பியாடி?"

"இல்லக்கா. யார் இருந்தாலும் முடிஞ்சிருக்காது."

நம்பிவிட்டாள். இப்போதுதான் தூங்குகிறாள். அடுத்த பிள்ளை பிறப்பதற்குள் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வேன்?