நீர் விடுவிக்கப்படாத நொடித்தவரா?

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் என் வாயாடிப் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், இருப்பீர்கள். இங்கே நானும் அம்மாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன், அதை அப்படியே நம்பிவிடாதே. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ ஒரு சத்தம் போடுவாய், நான் அதற்கு மேலே ஒரு சத்தம் போடுவேன், அம்மா நடுவில் பிடுங்கி வைத்துவிட்டு அழுவாள், போன தடவை அப்படித்தானே முடிந்தது. கடிதத்தில் என்னை யாரும் பாதியில் நிறுத்த முடியாது. காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், விசில் என் கையில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். உன் தங்கையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று போனில் சொன்னேன், முழுக்கச் சொல்ல நீ விடவில்லை. பரீட்சை எழுதி, நேர்முகத்துக்குப் போய், தண்ணீர் இலாகாவின் சோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாளே, அந்த வேலைதான். தெருத் தெருவாகப் பிடித்து வரும் குடிநீர் பாட்டில்களைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்ததும் நம் குழாய்த் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பார்த்து, இதில் இரும்பு வாடை அதிகம் என்று குறை சொல்லுவாள், அம்மா, இத்தனை நாள் இதைக் குடித்துத்தானே நீ வளர்ந்தாய் என்று திட்டுவாள். அந்த வேலையில் ஊர்ப் பணம் ஒரு காசு அவள் கைக்கு வராது, வரவும் வழியில்லை. ஆனால் கடனில் நொடித்துப் போனதாகக் கோர்ட்டில் அறிவிக்கப்பட்டவர் அரசாங்க வேலையில் இருக்கக் கூடாதாம், விதி அப்படி. அதோடு, நொடித்ததை மறைத்துப் பொய் எழுதினாள் என்று இன்னொரு குற்றமும் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தப் பொய் எப்படி வந்தது என்று நீ கேட்கவே இல்லை, நானாகச் சொல்கிறேன். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி, “நீர் விடுவிக்கப்படாத நொடித்தவரா?” இதுதான் கேள்வி. நான், அம்மா, சின்னவள், எல்லாம் தெரிந்த உன் மாமா, நான்கு பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அதைப் படித்தோம். சின்னவளின் சலவைக் கடைக்கு நடந்ததற்கு நமக்குத் தெரிந்த பெயர் மஞ்சள் கடுதாசி. கடை நொடிச்சுப் போச்சு என்போமே தவிர, ஆளை நொடித்தவர் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? நொடித்தவர் என்றால் காலை நொடித்து நடப்பவரோ என்று அம்மா கேட்டாள். மாமா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு, அக்கா, இது தண்ணி இலாகா, நீர்னா தண்ணி, தண்ணிய விடுவிக்காம மடக்கி வச்ச கேஸ்ல மாட்டினவங்களான்னு கேக்கறான், நம்ம பொண்ணு எந்த மடையை மூடினா, தைரியமா இல்லைன்னு போடு என்றார். அவளும் இல்லை என்று போட்டாள். நீர் என்றால் நீங்கள் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் எங்களை யாரும் இதுவரை நீர் என்று கூப்பிட்டதில்லை. இதை விசாரணையில் சொன்னபோது மேலதிகாரி சிரித்துவிட்டாராம். சிரித்தது நல்ல சகுனம் என்று மாமா சொன்னார். அவர் வாயில் எதையாவது வைத்து அடைக்க வேண்டும் போல இருந்தது.

நீ போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. சொந்தக் கணக்கையே பார்க்கத் தெரியாதவர்களைப் பொது வேலையில் வைக்கக் கூடாது, பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த மாதிரி ஆகும், சட்டம் சரிதான் என்றாய். வங்கியில் வேலை பார்க்கிறாய், உனக்கு அப்படித்தான் தோன்றும். நானும் ஊர்ப் பணத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தவன்தானப்பா. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போன நாட்களில் மளிகைக்காரரைக் கண்டால் தெருவின் எதிர்ச் சாரிக்குத் தாவுவேன், அத்தனை பாக்கி, அதே நேரம் என் தோள்பையில் சில்லறை குலுங்கிக்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு காசு நம் வீட்டுக்கு வந்ததா? கணக்கில் குறைந்தால் என் பையிலிருந்து போட்டுவிட்டு வருவேன். எங்கள் டிப்போவில் கை வைத்துப் பிடிபட்டவர் காசாளர், அவருக்கு இரண்டு வீடு, கடன் என்று ஒரு பைசா கிடையாது. பூனை எது என்று சட்டத்துக்குத் தெரிந்தால் நானும் சட்டம் சரி என்பேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சொத்தையெல்லாம் மனைவி பெயருக்கு மாற்றிவிட்டு, மஞ்சள் கடுதாசியை நீட்டிவிட்டு, அடுத்த தேர்தலில் கையைக் கூப்பிக்கொண்டு ஓட்டுக் கேட்க வருகிறவனை உள்ளே விடக் கூடாதுதான். அவனைத் தடுக்கக் கட்டின சுவரில் போய் இவள் முட்டிக்கொண்டு நிற்கிறாள், அவன் எப்படியும் பின்பக்கமாக ஏறிக் குதித்துவிடுவான்.

இவள் எப்படி நொடித்தாள்? நகை வாங்கியா, ஊர் சுற்றியா? அரசாங்க ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுத்து நொடித்தாள். ரத்தமும் மருந்தும் படிந்த விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும், கொதிநீரில் அலசி, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பாள். அடுத்த மாதம் பில் பாஸாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள், அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. மெஷின் கடன் வட்டி மட்டும் தவறாமல் வந்தது. அதே அரசாங்கம்தான் இன்று, நீ கடனை அடைக்காதவள், உனக்கு வேலை கிடையாது என்கிறது. ஆஸ்பத்திரி இன்னும் இவளுக்குக் கொடுக்க வேண்டியது இருக்கிறதே, அதை யார் நொடித்தவர் என்று அறிவிப்பது? கடையில் போட்ட உன் பணமும் அங்கேதான் கிடக்கிறது. நீ வீடு வாங்கச் சேர்த்த பணம், ராத்திரி பகல் பாராமல் உழைத்துச் சேர்த்தது, எனக்குத் தெரியாதா? உன் கோபத்தை நான் தப்பு என்று சொல்லவே மாட்டேன். எனக்கும் ஒரு தடவை அவளை அடிக்கலாம் போல வந்தது.

இப்போது என்ன நிலைமை என்றால், அந்த மேலதிகாரி நல்ல மனிதர். கடைசி விசாரணைக்குள் கோர்ட்டிலிருந்து விடுவிப்பு உத்தரவு கொண்டுவாம்மா, பொய் எழுதினாய் என்பதைப் புரியாமல் எழுதினாய் என்று நான் மாற்றிக்கொள்கிறேன் என்றார். விடுவிப்பு என்றால், கொடுக்க முடிந்ததைக் கொடுத்தாயிற்று, இனி இவள் நொடித்தவள் இல்லை என்று கோர்ட் எழுதிக் கொடுப்பது. கடன் கொடுத்தவர்கள் தடுக்காமல் இருந்தால் கிடைத்துவிடும் என்றார் வக்கீல். நான் படி ஏறி இறங்கினேன். சோப்புத் தூள் கொடுத்தவர், பாவம் நல்ல பிள்ளை, வேலைக்குப் போனால்தானே ஐயா எனக்கும் ஏதாவது வரும் என்று உடனே கையெழுத்துப் போட்டார். மெஷின் கம்பெனிக்காரன்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டே போட்டான். ஆட்சேபணை வந்தது ஒரே ஒருவரிடமிருந்து. தபாலில் வந்தது. வக்கீல் அதைக் கோர்ட்டில் உரக்கப் படித்தார், இவர் எந்தப் பொறுப்பையும் நம்பி ஒப்படைக்கத் தகுதியற்றவர், இவரை விடுவிக்கக் கூடாது என்று. சின்னவள் என் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டாள். கீழே யார் கையெழுத்து என்று வக்கீல் படிப்பதற்கு முன்னாலேயே அவள் முகம் செத்துவிட்டது, உன் நடை அவளுக்குத் தெரியாதா, சின்ன வயதில் அவள் கட்டுரையெல்லாம் நீதானே எழுதிக் கொடுப்பாய்.

அன்றிலிருந்து அவள் சாப்பிடுவது சாப்பாடே இல்லை. அழுதாலாவது பரவாயில்லை, அழவில்லை. அறையிலேயே இருக்கிறாள், கூப்பிட்டால் வருகிறாள், உட்கார் என்றால் உட்காருகிறாள். உனக்கு எழுதப் போகிறேன் என்றதற்கு, வேணாம்ப்பா, அண்ணன் எழுதினது சரிதானே, நானா இருந்தா எனக்கு வேலை குடுக்க மாட்டேன் என்றாள். சாதாரணமாக, மழை வரும் போலிருக்கிறது என்பது போலச் சொன்னாள். மறுநாள் அவள் அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். ஏன் என்று அம்மா கேட்டதற்குத் துரு ஏறிவிட்டது, மாற்ற வேண்டும் என்றேன். சின்னவள் கட்டிலில் உட்கார்ந்து நான் திருகாணி கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருக்கிறதடா. உன்னிடம் நான் இதுவரை பயம் என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

நான் கேட்பது கடனை மன்னிக்கச் சொல்லி இல்லை. வேலையில் இருந்தால் மாதா மாதம் உனக்குத் தருவாள், தராவிட்டால் என் பென்ஷனிலிருந்து நான் தருகிறேன், எழுதி வேண்டுமானாலும் கொடுக்கிறேன். வேலையும் இருக்கக் கூடாது, கடனையும் அடைக்க வேண்டும் என்றால் அவள் எங்கே போவாள்? ஆட்சேபணையை விலக்கிக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, வக்கீல் பெயருக்கு அனுப்பு. விலாசம் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். விதி சரியா தப்பா என்று நாம் பிறகு சாவகாசமாகச் சண்டை போடலாம், நீ வரும்போது ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து போடலாம், நீயே ஜெயித்துக்கொள். அரசாங்கம் அவளைத் தகுதியில்லாதவள் என்றால் நான் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு இருந்துவிடுவேன். நீ சொன்னதைத்தான் அவள் நம்பிவிட்டாள்.

மருமகளிடம் இதைக் காட்டு, அவள் உன்னைவிட நிதானமானவள். பேத்திக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடுத்துக் கன்னத்தைக் கிள்ளு. வேளா வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. மூவரும் எந்தக் குறையும் இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். முடியாது என்று எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து பதிலே போடாதே. முன்பெல்லாம் தபாலை நான் வாங்குவேன். இப்போது பகலெல்லாம் வீட்டில் இருப்பவள் அவள், தபால்காரர் குரல் கேட்டால் அந்த ஒன்றுக்குத்தான் அறையை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடுகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா